பட்டா வாசிக்கிற பொங்கல்

பெல்ட் அடிக்கிற சத்தம் கேட்டால் என் தோள்கள் தாமாகத் தூக்கிக்கொள்ளும். ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் அப்படித்தான். டீசல் இன்ஜினுக்கும் பம்புக்கும் நடுவே ஓடுகிற அகலமான பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் ஒன்று இருக்கும். சுற்றி வரும் ஒவ்வொரு தடவையும் அந்த ஒட்டு சக்கரத்தின் மேல் விழுந்து அடிக்கும். தப். தப். தப். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில், திருவிடைமருதூருக்குத் தெற்கே எங்கள் பக்கத்து வயல்கள் அந்தச் சத்தத்தில்தான் விடியும். மற்றவர்களுக்கு அது தண்ணீர் ஏறுகிற சத்தம். எனக்கு அது என் முதுகு.

அறுந்துபோன பெல்ட்டை அப்பா தூக்கி எறிய மாட்டார். கை நீளத்துக்கு வெட்டி இன்ஜின் கொட்டகை ஆணியில் மாட்டிவைப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராகக் கொட்டகைக்குப் போக வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். தமிழ்ப் புத்தகத்தை விரித்து உரக்கப் படிக்க வேண்டும். நான் நிறுத்தினால் பெல்ட் ஆணியிலிருந்து இறங்கும். இன்ஜின் சத்தத்தில் என் சத்தம் வெளியே கேட்காது. வரப்பில் போகிறவர்கள், "தண்ணி பாயுது போல" என்று சொல்லிக்கொண்டு போவார்கள்.

எனக்கு எழுத்து நிற்காது. இன்றைக்கும் நிற்காது. வாய்க்காலில் குனிந்து பார்த்தால் அயிரை மீன்கள் கூட்டமாக அசையாமல் இருக்கும், விரல் வைத்ததும் சிதறும். அப்படித்தான். ஒன்றைப் பிடிக்கப் போனால் மற்றவை எல்லாம் ஓடிவிடும், பிடித்ததும் வழுக்கிவிடும். கொம்பு முன்னால் நிற்கும், கால் பின்னால் நிற்கும், நடுவில் இருப்பதை முதலில் சொல்லு என்றார் மூன்றாம் வகுப்பு வாத்தியார். எனக்கு மூன்றும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. அவரும் அறைந்தார். ஸ்கேலின் விளிம்பால் விரல் மொளியில். பிறகு கருங்கல் ஜல்லியில் முட்டி போடச் சொன்னார். ஜல்லி முட்டியில் பதிந்த பள்ளங்களை மாலையில் எண்ணிப் பார்ப்பேன். எண்ண வரும். படிக்கத்தான் வராது.

அப்பா கைநாட்டு. அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அதைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு ஆறு வயசாக இருந்தபோது, பண்ணையில் ஆளாக இருந்த என் தாத்தா அவரைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் விட்டிருக்கிறார். மறுநாள் பண்ணை வீட்டுக் களத்தில் தாத்தாவை மரத்தோடு கட்டிச் சவுக்கால் அடித்தார்கள். அப்பாவை எதிரிலேயே நிற்க வைத்திருந்தார்கள். அத்தோடு அவர் படிப்பு முடிந்தது. ஒரே ஒரு நாள் படிப்பு.

பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதை எனக்குச் சொல்வார்.

"எங்கப்பன அடிச்சாங்கடா, என்னைப் படிக்க வச்சதுக்கு. படிக்கக் கூடாதுன்னு அடிச்சாங்க. நான் படின்னு அடிக்கிறேன். ரெண்டும் ஒண்ணாடா? சொல்லு, ரெண்டும் ஒண்ணா?"

முதுகுக்கு ஒன்றுதான். அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

தாத்தா ஆளாக நின்று உழுத நிலத்தில் மூன்று மா, ஏறக்குறைய ஒரு ஏக்கர், அப்பாவின் காலத்தில் எங்கள் கைக்கு வந்தது. பட்டா அப்பா பெயரில். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுப் பொங்கலுக்கு ஒரு வழக்கம் வந்து சேர்ந்தது, அது வேறு எந்த வீட்டிலும் கிடையாது. பானை பொங்கி வழிந்ததும், யாரும் வாயில் ஒரு பருக்கை வைப்பதற்கு முன்னால், டிரங்குப் பெட்டியிலிருந்து பட்டாவை எடுத்து வந்து சூரியனைப் பார்க்க நின்று உரக்க வாசிக்க வேண்டும். ஊர், புல எண், உட்பிரிவு, நன்செய், பரப்பு, தாத்தாவின் பெயர், அவர் மகன் அப்பாவின் பெயர். தெருவுக்கே கேட்க வேண்டும். "சத்தமா படிடா, கேக்கட்டும்" என்பார் அப்பா. யாருக்கு என்று சொல்ல மாட்டார். பண்ணை வீடு இடிந்து புதர் மண்டிய திசையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

வாசிக்கிறவன் நான். ஆரம்பித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. போகி அன்று அக்காவிடம் கெஞ்சுவேன். அவள் மூன்று தடவை படித்துக் காட்டுவாள். மூன்றாவது தடவையில் எனக்கு முழுசும் காதில் ஏறிவிடும். மறுநாள் காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒரு வரி கூடப் பார்க்காமல், ஏற்றி இறக்கிப் பாடுகிற மாதிரி ஒப்பிப்பேன். அப்பாவின் கண் கலங்கும். வருஷத்தில் அந்த ஒரு நாள் நான் படித்தவன். நான் சொல்லச் சொல்ல மனைவி எழுதுகிற இந்த வரிகளுக்கெல்லாம் மூலம் அந்தப் பொய்தான் என்று தோன்றுகிறது. காதால் வாங்கி வாயால் கொடுத்தே பிழைத்துவிட்டேன். விதைக் கடையில் மூட்டையின் படத்தைப் பார்ப்பேன். மருந்துக் கடையில் மூடியின் நிறத்தைப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறுவதற்கு முன்னால், "கும்பகோணம்தானுங்களே?" என்று கேட்பேன். யாராவது சிரித்தால் கை ஓங்குவேன். சின்ன வயசில் நிறைய அடித்திருக்கிறேன், நிறைய வாங்கியிருக்கிறேன். ஒரு பல் திருவிடைமருதூர்த் தேர்முட்டியில் போனது.

பிறகு எனக்கு ஒரு மகள் பிறந்தாள்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது, மார்கழிக் கடைசியில், வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் மகளின் நோட்டு விரிந்து கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். யாரோ என் பன்னிரண்டு வயசை எடுத்து மேஜை மேல் போட்டிருந்தார்கள்.

"பாப்பா சொல்றதெல்லாம் சரியா சொல்லுதுங்க. எழுத்துன்னு வந்தா முடியல. இது டிஸ்லெக்சியாவா இருக்கலாம். இப்ப இதையும் மாற்றுத்திறன்ல சேர்த்திருக்காங்க. தஞ்சாவூர் ஆஸ்பத்திரில பார்த்துச் சான்றிதழ் வாங்கிட்டீங்கன்னா, அடுத்த வருசம் பத்தாவது பரீட்சைல இவ சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆளு தருவாங்க. நேரமும் கூட தருவாங்க. இதுல கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் யூரியா மூட்டைக்கு அடியில் செருகினேன்.

மனைவி விடவில்லை. "டீச்சர் குடுத்த ஃபாரம் எங்கங்க?"

"அவளுக்குக் கை இல்லையா, கால் இல்லையா? எதுக்கு ஊனம்னு எழுதிக் குடுக்கணும்?"

"பத்தாவதுல ஃபெயிலாகி வீட்ல உக்காந்தா, அப்ப என்னன்னு எழுதிக் குடுப்பீங்க?"

"நான் பொழைக்கலையா?"

அவள் என் உடைந்த பல்லைப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என்னை யாரும் ஊனம் என்று சொன்னதில்லை. மக்கு என்றார்கள், மாடு என்றார்கள், சோம்பேறி, திமிர் பிடித்தவன் என்றார்கள். அவை எல்லாம் அடித்துத் திருத்தக்கூடியவை. அடிப்பவனுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது, அடி வாங்குகிறவனுக்கும் இருக்கிறது. ஊனம் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அந்த அடிகள் எல்லாம் எதற்கு? கொட்டகையில் வாங்கியது, ஜல்லியில் நின்றது, அத்தனையும் ஒரு நொண்டியை ஓடச் சொல்லி அடித்த அடியாகிவிடும். அதை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதித்தது. யார் மேல் கொதிக்கிறது என்று தெரியவில்லை. ஆகவே மகள் மேல் கொதித்தது.

அந்தப் பொங்கலுக்கு அப்பா சொன்னார், "இந்த வருசம் பேத்தி படிக்கட்டும்."

இரண்டு மாதத்துக்கு முன்புதான் பைபாஸ் ரோட்டுக்காக எங்கள் நிலத்தின் கிழக்கு மூலையை எடுத்திருந்தார்கள். பட்டா மாறியிருந்தது. பரப்பு நாற்பத்தொரு ஏராக இருந்தது, இப்போது முப்பத்திரண்டு. உட்பிரிவு எண்ணும் புதுசு. மூலையில் கல் நட்ட அன்று அப்பா வரப்பிலேயே உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதார்.

பானை பொங்கியது. இரண்டு முழுக் கரும்புகளைச் சாய்த்துக் கட்டியிருந்தோம். மகள் புதுப் பாவாடை தாவணியில், புதுப் பட்டாவைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரம்பித்தாள். ஏற்றி இறக்கி, பாடுகிற மாதிரி. என் குரல். நான் நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள், நான் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டாள்.

"பரப்பு, நாற்பத்தொரு ஏர்."

தெருவில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மூலை போன கதை எல்லாருக்கும் தெரியும்.

அப்பா மெதுவாகச் சொன்னார், "அந்த மூலதான் போயிருச்சேம்மா."

"பார்த்துப் படி" என்றேன் நான்.

அவள் மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நாற்பத்தொன்று.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பார்த்துப் படிடீ!"

அவள் காகிதத்தை இறக்கினாள். பயப்படவில்லை. பதினாலு வயசு. நேராக என்னைப் பார்த்தாள்.

"நீங்க மட்டும் பார்த்தா படிச்சீங்க? ஒரு வருசமாவது உங்க கண்ணு அந்தத் தாள்ல ஓடுச்சாப்பா? நான் பார்த்துக்கிட்டேதான இருந்தேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரித்தார்களா, செருமினார்களா, இன்றுவரை தெரியாது. என் கை கரும்பை உருவியது. முற்றிய கரும்பு, அடிப்பக்கம் மணிக்கட்டுப் பருமன். முதல் வீச்சு பானையின் விளிம்பில் பட்டுப் பொங்கல் தரையில் கொட்டியது. இரண்டாவது அவள் தோளில் விழுந்தது. அவள் அலறவில்லை, அதுதான் என்னை இன்னும் வெறியாக்கியது. நானும் கொட்டகையில் அலறியதில்லை. மூன்றாவதை முழு பலத்தோடு ஓங்கினேன். நடுவில் ஒரு வேட்டி வந்தது. ஒரு கை குறுக்கே எழும்பியது.

ஒடிகிற சத்தம் கேட்டது. கரும்புதான் என்று நினைத்தேன். கரும்பு முழுசாக என் கையில் இருந்தது.

அப்பா உட்கார்ந்திருந்தார். இடது முன்கை, இருக்கக் கூடாத இடத்தில் வளைந்திருந்தது. மகள் அவருக்குப் பின்னால் சுருண்டு கிடந்தாள். என் உள்ளங்கை பிசுபிசுத்தது. ரத்தம் என்று வேட்டியில் துடைத்தேன். கரும்புச் சாறு.

"மிருகமாய்யா நீ?" என்று என் மனைவி கத்தியது மேலத்தெரு வரைக்கும் கேட்டதாம். அன்று பொங்கலைக் காக்காய்கள் தின்றன.

தஞ்சாவூரில் எலும்பு டாக்டர் கேட்டார், "எப்படிங்க ஆச்சு?"

"வரப்புல வழுக்கி விழுந்துட்டேங்க" என்றார் அப்பா. டாக்டர் என் கையைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கட்டுப் போட்டு வந்த பிறகு அப்பா என்னோடு பேசவில்லை. மகளும் பேசவில்லை. அவள் தோளில் கறுப்பாக ஒரு பட்டை, கரும்பின் கணு பதிந்த இடத்தில் ஒரு புடைப்பு. அது மஞ்சளாகி மறையும் வரைக்கும் தினமும் காலையில் அதைப் பார்த்தேன். மறைந்த அன்று யூரியா மூட்டையை நகர்த்தினேன். காகிதத்தில் ஈரம் ஏறி ஓரம் அரித்திருந்தது. எழுத்து அழியவில்லை. கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத வருகிற ஒரே சொல் என் பெயர், அதற்கே வியர்த்தது.

மாசியில் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவும் கிளம்பினார். கட்டுப் போட்ட கை, மறு கையில் ஒரு மஞ்சள் பை. எதற்குப் பை என்று நான் கேட்கவில்லை, பயம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுக்கிற நாள் அது. வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. எங்களுக்கு முன்னால் ஒருவர், வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. மகளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பாவுக்கு என்னாங்க? கை காலெல்லாம் நல்லாத்தான இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொன்னாள், "படிக்க வராதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப எங்கூர்ல பாதிப் பேருக்குக் குடுக்கணும். எனக்கும் வராது. நான் கையக் காட்டி வாங்குறேன், நீ என்னத்தக் காட்டுவ?"

"உங்க கை எதுல போச்சு?"

"கதிரடிக்கிற மிஷினு. பெல்ட்டு இழுத்துருச்சு."

"எனக்கும் அப்படித்தாங்க. உள்ள போயிருக்கு. வெளில தெரியாது" என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்சம் நகர்ந்து, "முன்னால நில்லும்மா, வெயிலு" என்றார்.

வரிசையில் நின்றபடி நான் எனக்குள் கடைசிச் சண்டையைப் போட்டேன். எழுத்தே இல்லாத ஊர் ஒன்று இருந்தால் அங்கே எனக்கு என்ன குறை? நாற்றின் நிறம் பார்த்து உரம் சொல்வேன், மண்ணை முகர்ந்து ஈரம் சொல்வேன், ஒரு தடவை கேட்டதை மறக்க மாட்டேன். குறை எழுத்தில்தான், என்னிடம் இல்லை. பல வருஷமாக இதைச் சொல்லித்தான் நிமிர்ந்து நடந்தேன். அன்று அது எடுபடவில்லை. எழுத்தே இல்லாத ஊரில் என் தாத்தா வாழ்ந்திருக்கிறார். அங்கே ஒரு மரமும் சவுக்கும் இருந்தன. நிலம் யாருடையது என்று ஒரு காகிதம் சொல்லாத வரைக்கும் அவர் முதுகே அவருடையதாக இல்லை. எங்கள் மாதிரி ஆட்களுக்கு எழுத்து அலங்காரம் இல்லை. அது இல்லாமல் நிற்பது கை இல்லாமல் நிற்பதுதான். அப்படியென்றால் இது ஊனம். சொல்லிப் பார்த்தேன். வானம் இடியவில்லை. பழைய அடிகள் மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, தாங்கள் வீண் என்று சொல்லிவிட்டுப் போயின. ஒவ்வொன்றும் வாங்கிய அன்றைவிடக் கூடுதலாக வலித்தது.

உள்ளே ஒரு பெண் டாக்டர். மகளைப் படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், கதை சொல்லிக் கேள்வி கேட்டார். ஒன்றரை மணி நேரம். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்குங்களா?"

அப்பா சுவர் ஓரத்து பெஞ்சில், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் அவர். அவருக்கு முன்னால் அதைச் சொல்ல வேண்டும். இன்ஜின் சத்தம் இல்லை, மறைக்க ஒன்றும் இல்லை.

"எனக்கு இருக்குங்க" என்றேன்.

"எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்க."

அவர் எழுதினார். பேனா சின்னதாக ஒரு சத்தம் போட்டது. மகள் திரும்பி என்னைப் பார்த்தாள், பொங்கலுக்குப் பிறகு முதல் தடவையாக. மன்னித்த பார்வை இல்லை அது. ஒரே வரிசையில் நிற்கிறவனைப் பார்க்கிற பார்வை. சான்றிதழ் பதினைந்து நாளில் வரும், பரீட்சைக்கு ஆள் கிடைக்கும் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அப்பா, "என்னை பஸ்ஸ்டாண்டுல வுட்ரு" என்றார். அன்றுதான் பேசினார்.

"எங்கப்பா?"

"தரங்கம்பாடிக்கு. ஒங்கக்கா வூட்டுக்கு. அடுத்த வருசம் பேத்தி பரீட்ச முடியற வரைக்கும் அங்கதான் இருக்கப் போறேன்."

"எதுக்குப்பா? நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

அவர் முன்னால் நடந்தார். புது பஸ் ஸ்டாண்டில் மகளை ஒரு வாழைப்பழக் கடை ஓரத்தில் நிற்க வைத்துவிட்டு, அவரைத் தரங்கம்பாடி போகிற பஸ்ஸுக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். பையை மடியில் வைத்தேன். கட்டுப் போட்ட கை கம்பியில் இடித்தது, அவர் முகம் சுளிக்கவில்லை.

"அன்னைக்கு நீ அவள அடிக்கலடா" என்றார் ஜன்னல் வழியாக. "எனக்கு அடிச்சுக் காட்டுன. நான் நின்னேன், அதனால அடிச்ச. நான் நிக்கக் கூடாது."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டிரைவர் இன்ஜினை முடுக்கினார். தகரம் அதிர்ந்தது, என் தோள்கள் தூக்கிக்கொண்டன. அவர் அதைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்த்த மாதிரி பார்த்தார்.

"நீ ஒப்பிக்கிறன்னு எனக்குத் தெரியும்" என்றார். "மொத பொங்கல்லயே தெரியும். காதாலயே பொழைக்கிறவன் நான். படிக்கிறவன் தட்டுவான், தடுமாறுவான். நீ தடுமாறவே இல்ல."

"தெரிஞ்சும் ஏம்ப்பா அடிச்சீங்க?"

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் பின்வாங்கித் திரும்பியது. நான் கம்பியை விடாமல் கூடவே நாலு எட்டு நடந்தேன். அப்பா நல்ல கையால் என் விரல்களைக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

"போடா" என்றார். "புள்ள தனியா நிக்குது பாரு."